பழைய ரைஃபிளுக்கு எந்த டை? பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை நம்பலாமா?

அமெரிக்காவில் ஒருவர் 1880-களில் செய்த ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே கதவு மாதிரி திறந்து மூடும், அதனால் 'டிராப்டோர்' என்று செல்லப்பெயர். தோட்டாவின் பெயர் .45-70. மனிதர் நேராகக் கடைக்குப் போய் '.45-70 டை செட்' என்று கேட்கிறார். கடைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார். பெயர் பொருந்துகிறது, பணம் கைமாறுகிறது, எல்லாம் சுபம்.

முதல் நாள் நூறு கஜத்தில் சுட்டுப் பார்த்தால் அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் நீளமாக ஒரு கிழிசல். குண்டு நேராகப் போகாமல் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. குழலுக்குள் எட்டிப் பார்த்தால் ஈயம் அப்பிக் கிடக்கிறது. "துப்பாக்கி தேய்ந்துபோச்சு, ஏமாத்திட்டாங்க" என்று தீர்ப்பு எழுதி, பாதி விலைக்கு விற்றுவிடுகிறார். வாங்கின அடுத்த ஆள் அதே துப்பாக்கியில் அழகாகச் சுடுகிறார்! துப்பாக்கியில் ஒரு குற்றமும் இல்லை. பெட்டியின் மேல் இருந்த பெயரை நம்பியதுதான் குற்றம்.

பழைய பாணி ரைஃபிள் தோட்டாக்களுக்கு டை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தவறான இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்பதுதான் இங்கே வாதம். எந்தக் கம்பெனி நல்லது, எது விலை குறைவு என்றுதான் முதலில் சண்டை போடுகிறார்கள். ஆனால் டையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கம்பெனியோ பெயரோ அல்ல, அந்தத் துப்பாக்கியின் உள்ளளவு.

இந்த விஷயமே புதிது என்பவர்களுக்கு (வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள்) ஒரு சின்ன விளக்கம். சுட்டவுடன் பறந்து போவது குண்டு மட்டும்தான். பித்தளைக் கூடு பின்னாலேயே தங்கிவிடும். வெடிக்கும்போது கூடு உப்பி, சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் வராமல் அடைக்கும். பிறகு கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்தக் கூட்டில் பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, புது பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடியும் தோட்டா ஆக்கலாம். இதுதான் ரீலோடிங். உப்பிய கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவர, கெட்டியான எஃகில் செய்த குழாய் மாதிரி ஒரு அச்சு வேண்டும். அதுதான் டை. முறுக்கு அச்சுக்கு நேர் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நெம்புகோல் பிரஸ்ஸில் இதைத் திருகி மாட்டி, கூட்டைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும். நேர்க்கூடு என்றால் வழக்கமாக மூன்று டை: ஒன்று இறுக்கும், இரண்டாவது வாயைக் கொஞ்சம் விரிக்கும், மூன்றாவது குண்டை உட்கார வைக்கும். கழுத்து குறுகிய கூடு என்றால் பெரும்பாலும் இரண்டோடு முடிந்துவிடும்.

(இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இது முழுக்க முழுக்க அமெரிக்கா போன்ற, சட்டம் இடம் கொடுக்கிற நாடுகளின் பொழுதுபோக்கு. மெக்கானிக்கல் படிப்பவர்களுக்கு இதில் சுவாரசியமே டாலரன்ஸ் கணக்குதான்.)

சரி, பெயரில் என்ன கோளாறு?

.45-70 என்றால் .45 அங்குல அளவுக் குண்டு, 70 கிரெய்ன் கறுப்பு மருந்து. அமெரிக்க ராணுவம் 1873-ல் ஏற்றுக்கொண்ட தோட்டா. இன்றைக்கும் இதே பெயரில் புதுத் துப்பாக்கிகள் வருகின்றன, அவற்றுக்கு 0.458 அங்குலக் குண்டுதான் கணக்கு. அந்தக் கணக்கை எழுதி வைத்திருப்பது அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் 1926-ல் அமைத்த ஒரு சங்கம். அதன் சுருக்கப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'சாமி' என்று வருகிறது. ஆனால் இந்தச் சாமி வரம் கொடுப்பது புதுத் துப்பாக்கிகளுக்கு மட்டும்தான். 1926-க்கு ஐம்பது வருஷம் முன்னால் பிறந்த குழலுக்கு அது எழுதி வைத்த அளவு எப்படித் தெரியும்? பழைய டிராப்டோர் குழல்களில் பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.460-ஐத் தாண்டுவது ரொம்ப சகஜம்.

1873-லேயே வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்த .44-40 இன்னும் மோசம். இன்றைய கணக்கு 0.427 அங்குலம். பழைய குழல்களில் 0.424 முதல் 0.434 வரை எது வேண்டுமானாலும் இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பெயர், ஆனால் அளவு மட்டும் அவரவர் தலையெழுத்து! .38-55-க்கும் இதே கதைதான்.

"அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குதானே, என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்கலாம். செம்பு உறை போட்ட குண்டாக இருந்தால் ஒருவேளை சமாளிக்கும். ஆனால் இந்தத் துப்பாக்கிகள் சுடுவது மெத்தென்ற ஈயக்குண்டு. அது குழலின் பள்ள அளவைவிட ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாக இருந்தால்தான் வாயுவை அடைக்கும். சின்னதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும்.

இதிலே கூத்து என்னவென்றால், விவரம் தெரிந்து சரியான குண்டை வார்த்தவரும் மாட்டிக்கொள்வார். குழலை அளந்து 0.461 குண்டு வார்த்து வைத்திருக்கிறார். ஆனால் கடையில் வாங்கிய டை, கூட்டின் கழுத்தை 0.458 குண்டுக்காக இறுக்கிவிடுகிறது. செட்டோடு வந்த விரிக்கும் தண்டும் அதே கணக்கில்தான் விரிக்கிறது. அந்த இறுகிய கழுத்துக்குள் 0.461 ஈயக்குண்டைத் தள்ளினால் யார் ஜெயிப்பார்? பித்தளைதான். குண்டு உள்ளே போகும்போதே அடிப்பாகம் நசுங்கி இளைத்துவிடும். மேலே தெரியும் பாகம் சரியான அளவு, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் பாகம் 0.458. அச்சு வாங்கி, ஈயம் உருக்கி, மணிக்கணக்கில் வார்த்ததெல்லாம் வீண். .44-40 என்றால் கழுத்துப் பித்தளை ரொம்ப மெல்லிசு, அது தன் பங்குக்கு மடிந்து நொறுங்கும்.

இதற்குப் புது டை செட் தேவையே இல்லை. விரிக்கும் தண்டை மட்டும் தனியாக, குண்டின் அளவுக்குத் தகுந்த மாதிரி வாங்கினால் போதும். லைமன் கம்பெனியின் 'எம்' டை இதற்குப் பேர் போனது. தண்டில் இரண்டு படி இருக்கும். முதல் படி கழுத்தைக் குண்டைவிடக் கொஞ்சம் சின்னதாக விரிக்கும், இரண்டாவது படி வாயின் ஓரத்தை மட்டும் குண்டைவிடத் துளி பெரிதாக்கும். குண்டைக் கையால் வைத்தாலே நேராக உட்காரும். ஒரு முழு செட் விலையில் சொற்பப் பங்குதான் இந்தத் தண்டு. ஆனால் கம்பெனிச் சண்டை போடுகிறவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை!

இதுவரை சொன்னது குறி தப்புகிற விஷயம். அடுத்தது முகத்தைக் காப்பாற்றுகிற விஷயம்.

.303 பிரிட்டிஷ் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1888-ல் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளுக்காகப் பிறந்தபோது அதற்குள் இருந்தது அழுத்திய கறுப்பு மருந்து, சில வருஷத்தில் கார்டைட் வந்தது. (நீலகிரியில் அருவங்காடு என்றாலே கார்டைட் தொழிற்சாலை என்று ஊட்டி ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். அதே கார்டைட்தான்.) இது விளிம்பு உள்ள தோட்டா. பின்பக்க விளிம்புதான் அதைச் சேம்பரில் நிறுத்தி வைக்கும். போர்க்களத்து மண், சேறு எல்லாவற்றோடும் தோட்டா உள்ளே போக வேண்டும் என்பதற்காக, விளிம்புக்கு முன்னால் உள்ள இடத்தைத் தாராளமாகவே வெட்டியிருந்தார்கள். ராணுவத்துக்கு அது சரி, அவர்கள் சுட்ட கூட்டைத் திரும்ப எடுக்கப் போவதில்லை.

ரீலோடிங் செய்கிறவர் கதை வேறு. முதல் முறை சுடும்போது கூட்டின் தோள் முன்னால் போய் சேம்பரின் தோளைத் தொடும். அந்த நீளத்துக்கான பித்தளை எங்கிருந்து வரும்? கூட்டின் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே சுவர் இழுபட்டு மெலியும். நம் ஆள் 'முழு அளவு' டையைப் பெட்டியில் வந்த காகிதத்தில் போட்டபடி அடிவரை திருகி, தோளைப் பின்னால் தள்ளிவிடுகிறார். மறுபடி சுடும்போது மறுபடி இழுபடும், அதே இடத்தில். கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி உடைப்பது மாதிரிதான். சில முறையில் அந்த இடத்தில் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். அதையும் கவனிக்காவிட்டால் ஒரு நாள் கூடு இரண்டாகப் பிரியும். முன்பாதி சேம்பரில் ஒட்டிக்கொள்ளும், பின்பாதி மட்டும் வெளியே வரும். அந்த நேரத்தில் வாயு எந்தப் பக்கம் வரும் என்பது அதிர்ஷ்டம். கண்ணாடி போடாமல் சுடுகிறவர் அந்த அதிர்ஷ்டத்தில் கண்ணை அடகு வைக்கிறார்.

இத்தனைக்கும் தீர்வு ரொம்ப எளிது. ஒரே துப்பாக்கியில் சுட்ட கூடு, அந்தத் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைப் போய் எதற்குத் திரும்ப 'ரெடிமேட்' அளவுக்குச் சுருக்க வேண்டும்? குண்டைப் பிடித்துக்கொள்ளக் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும். அதற்குத் தனியாகக் கழுத்து டை கிடைக்கிறது. அது இல்லையென்றாலும் இருக்கிற டையையே பிரஸ்ஸில் கொஞ்சம் மேலே தூக்கி மாட்டி, தோளைத் தொடாமல் விடலாம். செலவு பூஜ்யம்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்பு மருந்துக் காலத்து ஆட்கள் இடுக்கி மாதிரி, பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவியால்தான் தோட்டா நிரப்பினார்கள். 1884-ல் ஜான் பார்லோ என்பவர் 'ஐடியல்' என்ற பெயரில் இந்தக் கருவிகளைச் செய்ய ஆரம்பித்தார். பிற்பாடு அது லைமன் கைக்குப் போய் '310' என்ற பெயரில் வெகுகாலம் ஓடியது. கை பலத்தில் முழுக் கூட்டையும் நசுக்க முடியாது, கழுத்தை மட்டும்தான் முடியும். அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பெரிய நெம்புகோல் பிரஸ் வந்த பிறகுதான், நசுக்க முடிகிறது என்பதற்காகவே நசுக்குகிற பழக்கமும் வந்தது. ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் போட்டி சுடுகிறவர்களில் சிலர் இன்றைக்கும் கூட்டை இறுக்குவதே இல்லை, கட்டைவிரலால் குண்டை அழுத்தி வைத்துச் சுடுகிறார்கள்.

முழு அளவு டையே வேண்டாமா என்றால், வேண்டும். அடுத்தவர் துப்பாக்கியில் சுட்ட கூட்டை வாங்கினால் முதல் தடவை முழுக்க இறுக்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் சேம்பருக்குள்ளேயே போகாது. ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் சுடுகிறவருக்கும் அதே கதி. வின்செஸ்டர் 1886 போல நெம்புகோல் இழுத்துச் சுடும் ரைஃபிளில் தோட்டா சிக்காமல் ஓட வேண்டும், குழாய் மேகசினில் ஒன்றன் பின் ஒன்றாக இடிபடும்போது குண்டு உள்ளே போய்விடாமல் வாயை மடித்தும் இறுக்க வேண்டும். அங்கே கட்டைவிரல் வேலைக்கு ஆகாது. ஆக அந்த டை வீட்டில் இருக்கட்டும், ஆனால் தினசரி சாப்பாடாக வேண்டாம்.

அப்படியென்றால் முதல் செலவு எதில்? அளப்பதில். 'செரோசேஃப்' என்று ஒரு உலோகக் கலவை கிடைக்கிறது. எண்பது தொண்ணூறு டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அதாவது வெந்நீர்ச் சூடே போதும். குழலின் முன்பக்கத்தை அடைத்துவிட்டு சேம்பரில் ஊற்றினால் உறைந்து அச்சு அசலாக வெளியே வரும். ஊற்றினவுடன் கொஞ்சம் சுருங்கி, ஒரு மணி நேரம் கழித்துச் சரியாகச் சேம்பர் அளவுக்கு வந்து நிற்கும், பிறகு மெதுவாகப் பெருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கடிகாரம் பார்த்து மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். குழலுக்கு இன்னும் சுலபம்: சுத்த ஈயத்துண்டு ஒன்றை எண்ணெய் தடவித் தட்டித் தள்ளி, வெளியே வந்ததை அளக்க வேண்டியது. இதில் ஒரு பொறி இருக்கிறது. டிராப்டோரில் மூன்று பள்ளம், மார்ட்டினி-ஹென்றியில் ஏழு. ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது, மேடு இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும். 'வி' வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். லேப் பரீட்சையில் வாய்மொழித் தேர்வுக்குக் கேட்க வேண்டிய கேள்வி!

மார்ட்டினி-ஹென்றி பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் எடுத்துக்கொண்ட துப்பாக்கி, தோட்டா .577/450. பெயரே பயமுறுத்தும். மூலத் தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. இன்றைக்கு அப்படி யாரும் செய்வதில்லை. 24 கேஜ் பித்தளை ஷாட்கன் கூட்டை வெட்டி, கழுத்து குறுக்கி உருவாக்குகிறார்கள். 2003-ல் நேபாள ராணுவத்தின் பழைய கிடங்கை அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான மார்ட்டினிகளும், நேபாளத்திலேயே கையால் செய்த கஹேந்திரா ரைஃபிள்களும் சந்தைக்கு வந்தன. கஹேந்திராவில் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட துப்பாக்கிக்குப் 'பெயர் பார்த்து டை' என்பது ஜாதகம் பார்க்காமல் ஆளையும் பார்க்காமல் கல்யாணம் செய்வது போல.

இந்த மாதிரி தனிப்பிறவிகளுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒஹையோ மாநிலம் மவுண்ட் வெர்னனில் இருக்கும் சி.ஹெச்.4டி போன்ற, அபூர்வ அளவுகளுக்கே பேர் போன சிறு பட்டறைகளிடம் கேட்கலாம். அந்தத் துப்பாக்கியில் சுட்ட கூடுகள் சிலவற்றையோ சேம்பர் அச்சையோ அனுப்பினால், அந்த அளவுக்கே டை வெட்டித் தரும் பட்டறைகள் உண்டு. விலை அதிகம்தான், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் பெயர் பார்த்து வாங்கிய இரண்டு செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவதாக இங்கே வருவதற்குப் பதில் முதலிலேயே வரலாம். மாறாக, .45-70 போன்ற பரவலான நேர்க்கூட்டுக்கு லீ கம்பெனியின் மலிவான செட்டே தாராளம். மிச்சக் காசில் சரியான தண்டும் செரோசேஃபும் வாங்கிவிடலாம். பளபளப்பான பெட்டிக்காக இரண்டு மடங்கு கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு ஆபத்து டையில் இல்லை, டையோடு வாங்கும் புத்தகத்தில் இருக்கிறது. .45-70-க்கு மருந்து அளவு போட்ட கையேடுகள் வழக்கமாக மூன்று தனித்தனிப் பட்டியல் கொடுக்கும்: டிராப்டோர் போன்ற பலவீனமான பழையவற்றுக்கு ஒன்று, நெம்புகோல் ரைஃபிளுக்கு ஒன்று, நவீன உறுதியான துப்பாக்கிக்கு ஒன்று. கூடு ஒன்று, டை ஒன்று, பெயர் ஒன்று. மூன்றாவது பட்டியலைப் பார்த்து நிரப்பிய தோட்டா முதல் துப்பாக்கிக்குள் சுகமாக நுழைந்துவிடும்! பெயர் பொருந்தினால் போதும் என்ற நினைப்பு இங்கேதான் உயிருக்கே உலை வைக்கும்.

டை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு. கறுப்பு மருந்து சுடுகிறவர் கூட்டுக்குள் காற்றிடைவெளி விடக்கூடாது, மருந்தை அழுத்தித்தான் வைக்க வேண்டும். குண்டை வைத்தே அழுத்தினால் மெத்தென்ற ஈயம் நசுங்கி, மேலே பாடுபட்டு அளந்த அளவெல்லாம் போய்விடும். அழுத்துவதற்கென்றே தனி டை விற்கிறார்கள், சாதாரண செட்டில் அது வராது. அடுத்தது பிரஸ்ஸின் மரை. பெரும்பாலான டைகளுக்கு வெளி மரை 7/8 அங்குலம், ஆனால் ஸ்னைடர், மார்ட்டினி மாதிரி தடித்த கூடுகளின் டைகள் சில 1 1/4 அங்குலத்தில் வருகின்றன. பிரஸ்ஸின் மேல் வளையத்தைக் கழற்ற முடிந்தால்தான் அவை உள்ளே போகும். டை தபாலில் வந்து சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடித்து, அப்புறம் பிரஸ் தேடி அலைகிறவர்களும் உண்டு.